கடன் விற்ற கல்லூரிகள்

படியாதவன் ஏமாந்தால் இரக்கம் கொள்கிறோம். படித்தவன் ஏமாந்தால் நகைக்கிறோம். படிக்கப் போன ஒரே காரணத்தால் ஏமாந்தவனை என்ன செய்வது? செல்வச் செழிப்பில் முதல்நாடு என்று செப்பப்படும் அமெரிக்கா, அவன் கையில் கடன் பத்திரத்தைத் திணித்து, "நீயல்லவா விசாரித்துச் சேர்ந்திருக்க வேண்டும்!" என்று அறிவுரையும் வழங்கிற்று. ஒருவர் இருவருக்கல்ல, இலட்சக்கணக்கானோருக்கு!

கொரிந்தியன் கல்லூரிகள் என்ற பெயரை நம்மில் பலர் கேட்டிருக்க மாட்டோம். 1995-இல் கலிபோர்னியா மாநிலத்தில் தோன்றிய கம்பெனி அது. கல்லூரியைக் கம்பெனி என்கிறோமே என்று திகைக்க வேண்டா. அறக்கட்டளையன்று, அரசின் கல்விக்கூடமுமன்று; பங்குச் சந்தையில் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை போகும் சரக்கு. எவரெஸ்ட், ஹீல்டு, வயோடெக் என்ற பெயர்ப்பலகைகளின் கீழ், 2010-ஆம் ஆண்டில், நூற்றுக்கு மேற்பட்ட வளாகங்களில், 1,10,000 பேர் அளவில் அங்கே பயின்றனர். மருத்துவரின் உதவியாளராகலாம், கணக்கெழுதலாம், மோட்டார் பழுது பார்க்கலாம், எப்படியேனும் வாழ்வில் ஒரு படி ஏறலாம் என்று எண்ணி வந்தவர்கள். அவர்களை ஏற்றிவிடும் இடத்துக்கு எவரெஸ்ட் என்று பெயர் வைத்தவர், குறும்புக்காரராகத்தான் இருந்திருக்க வேண்டும்!

யாரைத் தேடிப் பிடித்தார்கள் என்பதை நாம் கற்பனை செய்ய வேண்டியதில்லை; கம்பெனியே எழுதி வைத்திருந்தது. 2013 அக்டோபரில், கலிபோர்னியாவின் தலைமை வழக்கறிஞராக அன்று இருந்த கமலா ஹாரிஸ் (தாய்வழியில் தமிழ்நாட்டு வேருடையவர்) கம்பெனி மீது வழக்குத் தொடுத்தார். அந்த வழக்கில் கம்பெனியின் உள்குறிப்புகள் வெளிவந்தன. தன்னம்பிக்கை குன்றியோர், தனித்து நிற்போர், பொறுமையிழந்தோர், அக்கறையோடு பேச ஆளில்லாதோர், வருங்காலத்தைத் திட்டமிடத் தெரியாதோர்: இவர்களே நம் வாடிக்கையாளர் என்று அங்கே குறித்திருந்தனர். பகலெல்லாம் வேலையின்றி வீட்டில் அமர்ந்திருப்போர் காணும் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்கு இடையே விளம்பரம்! "எழுந்திரு, இன்றே சேர்!" என்ற பாணியில் அழைப்பு!

கரும்பலகையின் முன் நிற்கும் நாம், இத்தகையோரை நன்கு அறிவோம். கடைசி வரிசையில் அமர்ந்திருப்பான். கேட்டால் பதில் தெரியும், ஆனால் கை தூக்கமாட்டான். வீட்டில் முதல் தலைமுறையாகப் படிப்பவன். எந்தக் கல்லூரி நல்லது, எது போலி என்று சொல்ல அவனுக்கு அண்ணனுமில்லை, மாமனுமில்லை. அவனைக் கண்டால் ஆசிரியன் மனத்தில் தோன்றுவது, இவனுக்கு இன்னும் கொஞ்சம் நேரம் ஒதுக்க வேண்டுமே என்ற எண்ணம். வணிகன் மனத்தில் தோன்றியதோ, இவனிடம் விற்பது எளிது என்ற எண்ணம்! நோயாளியின் காய்ச்சலை அளந்து பார்த்து, மருந்துக்கு மாறாக விலைப்பட்டியல் எழுதியவனை மருத்துவன் என்போமா?

இந்த ஒரு கம்பெனி மட்டுமா? டாம் ஹார்க்கின் தலைமையில் அமெரிக்கச் செனட் குழு ஒன்று, இலாபத்துக்காகக் கல்லூரி நடத்தும் 30 கம்பெனிகளின் கணக்கைக் குடைந்து, 2012 ஜூலையில் அறிக்கை வெளியிட்டது. மாணவரைச் சேர்க்கும் தரகு வேலையில் 30,000-க்கு மேற்பட்டோர். படித்து முடித்தவருக்கு வேலை தேடித்தரும் பணியில் ஏறத்தாழ 3,500 பேர். வலை வீசப் பத்துப் பேர், கரை சேர்க்க ஒருவர்! 2009-ஆம் ஆண்டுக் கணக்கில், வருவாயில் 100-க்கு 22-க்கு மேல் விளம்பரத்துக்கும் ஆள்பிடிக்கும் வேலைக்கும். 19-க்கு மேல் இலாபம். பாடம் நடத்த 17 சொச்சம். ஆசிரியன் பங்கு கடைசிப் பங்கு. இதைக் கல்லூரி என்று அழைப்பதற்கு அகராதியைத்தான் திருத்த வேண்டும்.

2010-இல் அமெரிக்கக் கணக்காய்வு அலுவலகம், மாணவர் வேடத்தில் ஆட்களை 15 கல்லூரிகளுக்கு அனுப்பிற்று. 15-லும் ஏய்ப்பு மொழியோ ஐயத்துக்கிடமான பேச்சோ கிடைத்தது. நான்கில், உதவித்தொகைப் படிவத்தில் பொய் எழுதவே ஊக்கினார்கள். முடிதிருத்தும் தொழிலில் ஆண்டுக்கு 1,50,000 முதல் 2,50,000 டாலர் வரை ஈட்டலாம் என்று ஓரிடத்தில் ஆசை காட்டினர். அத்தொழில் செய்வோரில் 100-க்கு 90 பேர் 43,000 டாலருக்குக் கீழ்தான் ஈட்டினர் என்பது அந்நாட்டு அரசின் அன்றைய புள்ளிவிவரம்!

படித்தவருக்கு வேலை கிடைத்ததாகக் காட்டிய கணக்கின் கதை இன்னும் சுவையானது. ஹீல்டு கல்லூரியில் கணக்கியல் படித்து 2011-இல் தேறிய ஒரு பெண், "தன் துறையில் பணி பெற்றவர்" பட்டியலில் இடம்பெற்றார். எங்கே பணி? டாக்கோ பெல் என்ற சிற்றுண்டிக் கடையில். எப்போது சேர்ந்தார்? 2006-இல்! கல்லூரியை விட்டு வெளியேறுவதற்கு ஐந்தாண்டு முன்பே கல்லூரி அவருக்கு வேலை வாங்கித் தந்துவிட்டதாம். இப்படிப் பிழைபட்ட வேலைவாய்ப்பு விகிதங்கள் 947 என்று எண்ணி, 2015 ஏப்ரலில் மத்தியக் கல்வித் துறை 3 கோடி டாலர் தண்டம் விதித்தது. வேறு சில வளாகங்களில், தேறியவரைச் சில வாரங்களுக்கு மட்டும் வேலையில் வைத்துக்கொள்ளுமாறு தற்காலிக ஆட்களைத் தரும் நிறுவனங்களுக்கே கல்லூரி பணம் கொடுத்த செய்தியும் வெளிவந்தது. கூலி கொடுத்துக் கைதட்ட வைக்கும் மேடைப் பேச்சாளனைப் பார்த்திருக்கிறோம். இது கூலி கொடுத்து வாங்கிய வேலைவாய்ப்பு!

இவையெல்லாம் பொய். பொய்யை எந்தச் சந்தையிலும் காணலாம். நம்மை உறைய வைப்பது பொய்யல்ல, ஒரு நல்ல சட்டத்தையே கன்னக்கோலாக்கிய கணக்குத் திறமை.

அமெரிக்காவில் ஒரு விதி உண்டு. இத்தகைய கல்லூரியின் வருவாயில், மத்திய அரசின் மாணவர் உதவிப் பணம் 100-க்கு 90-ஐத் தாண்டலாகாது. எஞ்சிய 10 வெளியிலிருந்து வரவேண்டும். 1992-இல் 85 என்று வைத்திருந்ததை 1998-இல் 90 என்று தளர்த்தினர். விதியின் உட்பொருள் நேர்மையானது: சரக்கு நல்லதானால், அரசுப் பணத்துக்கு அப்பாலும் யாரேனும் விலை கொடுத்து வாங்குவார்களல்லவா? கொரிந்தியன் என்ன செய்தது? அரசு தரும் கடனுக்கு மேல் எட்டாத உயரத்தில் கட்டணத்தை வைத்தது. இரண்டாண்டுப் படிப்புக்கு 33,000 முதல் 43,000 டாலர்! பள்ளம் விழுந்ததல்லவா? அந்தப் பள்ளத்தை நிரப்ப "ஜெனசிஸ்" என்ற பெயரில் தனியார் கடனை வாங்கச் செய்தது. 2011 அளவில் வட்டி 100-க்கு 15 வரை. அரசுக் கடனைப் படித்து முடித்தபின் கட்டலாம். இதையோ படிக்கும்போதே கட்டத் தொடங்கவேண்டும்! மூன்றாண்டுக்குள் 100-க்கு 60 பேருக்கு மேல் கட்ட முடியாமல் வீழ்வர் என்பது கம்பெனிக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் கொடுத்தது. ஏன்? அந்தப் பத்து டாலர் வந்தால்தான், அரசின் தொண்ணூறு டாலர் வரும்! மாணவன் வீழ்ந்தாலும் அவன் கையெழுத்து வீழாது. தூண்டிலில் கோத்த புழுவுக்கு மீன் பிடிப்பதில் என்ன ஊதியம்?

தவணை தவறியவனை வகுப்பிலிருந்து வெளியே அழைத்துச் செல்வார்கள். கம்ப்யூட்டர் அறையைப் பயன்படுத்த விடமாட்டார்கள். பட்டயத்தைத் தர மறுப்பார்கள். நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2014 செப்டம்பரில் தொடுத்த வழக்கின் குற்றச்சாட்டுகள் இவை. போர்வீரருக்கு அரசு வழங்கிய கல்விப் பணம், அந்தத் தொண்ணூறில் சேராது என்றிருந்த காலம் ஒன்று. அதனால் பாசறைகளின் வாசலிலும் தரகர்கள் மொய்த்தனர். அந்த ஓட்டையை 2021-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அடைத்தது.

"தரச்சான்று தர ஒரு கழகம் இருக்குமே, அது என்ன செய்தது?" என்று நம் தலைமையாசிரியர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ஏசிஐசிஎஸ் என்ற தரச்சான்றுக் கழகம் இருந்தது. கொரிந்தியன் வளாகங்கள் பலவற்றுக்கு அது வழங்கிய சான்று, கதவு சாத்தும் நாள்வரை செல்லுபடியாயிற்று. சான்று பெறும் கல்லூரிகளின் நிர்வாகிகளே சான்று வழங்கும் ஆசனங்களிலும் அமர்ந்திருந்தனர். மேலும் என்ன சொல்ல?

மாணவர்கள் முறையிடவில்லையா? முறையிட்டனர். மாநில அலுவலகங்களுக்கு எழுதினர், மத்திய அலுவலகத்துக்கு எழுதினர். கல்லூரி ஏமாற்றியிருந்தால் கடனைத் தள்ளுபடி செய்யக் கோரும் உரிமை 1990-களிலேயே சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. ஆனால் அதைக் கோருவதற்கு ஒரு படிவம்கூட அச்சிடப்படவில்லை! உரிமை உண்டு, விண்ணப்பத் தாள் இல்லை. 2015 பிப்ரவரியில் 15 மாணவர்கள், "கட்டமாட்டோம்" என்று கடன் மறுப்புப் போர் தொடங்கினர். கடனாளர் கூட்டமைப்பு ஒன்று அவர்களுக்காகத் தானே படிவம் தயாரித்தது. பூர்த்தி செய்த படிவங்களைப் பெட்டியில் நிரப்பி வாஷிங்டனுக்கு எடுத்துச் சென்றனர். அதற்குப் பிறகே அரசு தூக்கம் கலைந்தது.

2015 ஏப்ரல் இறுதியில், எஞ்சிய வளாகங்களைக் கொரிந்தியன் ஒரே நாளில் இழுத்து மூடிற்று. 16,000 பேர் அளவில் நடுத்தெருவில் நின்றனர். சில மாதங்களுக்கு முன்பே ஐம்பதுக்கு மேற்பட்ட வளாகங்கள் கைமாறியிருந்தன. வாங்கியவர் யார்? மாணவர் கடனை வசூலிப்பதையே தொழிலாகக் கொண்ட அமைப்பு ஒன்று!

பின்னர் வந்த ஆண்டுகள் வெட்கக்கேடானவை. பெட்சி டிவோஸ் கல்வி அமைச்சராக இருந்தபோது, 2018 ஜூனிலிருந்து பதினெட்டு மாதங்கள், ஒரு விண்ணப்பத்திலும் முடிவெடுக்கவில்லை. 1,60,000 விண்ணப்பங்கள் குவிந்து கிடந்தன. வசூல் மட்டும் தூங்கவில்லை. நிறுத்தச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்ட பின்னரும் கொரிந்தியன் மாணவர்களிடம் கடன் கேட்கப்பட்டதால், 2019 அக்டோபரில் கல்வித் துறைக்கு நீதிமன்ற அவமதிப்புக்காக 1,00,000 டாலர் தண்டம் விழுந்தது. அதன்பின் முடிவுகள் வரத் தொடங்கின. வந்தவற்றில் 100-க்கு 94 மறுப்பு! ஒரே அச்சில் வார்த்த ஓலைகள். தன் கதையைப் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பியவளுக்கு, காரணம் இன்னதென்று ஒரு வரியில்லை.

"பிறர் செலுத்தும் வரியிலிருந்து இவர்கள் கடனை ஏன் அடைக்க வேண்டும்?" என்று கேட்கும் நண்பர்கள் அங்கும் உண்டு, இங்கும் உண்டு. நாம் கேட்கிறோம்: அந்தப் பணம் யார் கைக்குப் போயிற்று? மாணவன் பையில் ஒரு நாளும் தங்கியதில்லையே! ஆண்டுதோறும் 100 கோடி டாலருக்கு மேல் அரசு கருவூலத்திலிருந்து புறப்பட்டுக் கம்பெனியின் பெட்டியில் விழுந்தது. மாணவன் கையெழுத்திட்டது அதற்கான பற்றுச்சீட்டில் மட்டுமே. 2016-இல் கலிபோர்னிய நீதிமன்றம் கம்பெனிக்கு எதிராக 110 கோடி டாலருக்கு மேல் தீர்ப்பளித்தது. அதற்குள் கம்பெனி திவாலாகிப் போயிற்று. பெட்டி காலி! ஐடிடி என்ற மற்றொரு பெருங்கல்லூரி 2016 செப்டம்பரில் மூடப்பட்டது. அதன் தலைமை நிர்வாகி 2018-இல் 2,00,000 டாலர் தண்டம் கட்ட இசைந்தார். மாணவரை ஏமாற்றியதற்கு என்று எண்ணிவிடாதீர்கள். பங்குதாரரை ஏமாற்றிய வழக்கு அது!

2022 ஜூனில், கொரிந்தியனில் படித்த 5,60,000 பேரின் 580 கோடி டாலர் கடனை அமெரிக்க அரசு முற்றாகத் தள்ளிற்று. ஐடிடி மாணவர் 2,08,000 பேரின் 390 கோடி டாலரை அதே ஆண்டு ஆகஸ்டில் தள்ளிற்று. மகிழ்ச்சிதான். ஆனால் இருபத்தைந்து வயதில் படித்தவன் முப்பத்தைந்தைத் தொட்ட பின் வந்த மகிழ்ச்சி. இடையில் அவனுக்கு வீட்டுக் கடன் இல்லை, சம்பளத்தில் பிடித்தம், வரித் திரும்பத்தொகை பறிமுதல். வேறு கல்லூரியில் சேரலாமென்றால், எவரெஸ்டில் பெற்ற மதிப்பெண்ணை ஏற்க ஆளில்லை.

இனியேனும் திருந்துவார்களா? 2022-இல் வகுத்த நல்ல விதிகள் நீதிமன்றத் தடையில் சிக்கின. 2025 ஜூலையில் இயற்றிய சட்டம் அவற்றை 2035 வரை ஒத்திவைத்துவிட்டது. டிவோஸ் காலத்து விதியே அதுவரை ஆளும். 2020-இல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் வேண்டாவென்று தீர்மானித்து, அதிபர் டிரம்ப் தம் தடையதிகாரத்தால் காப்பாற்றிய விதி அது. அதன்படி மாணவன் மூன்றாண்டுக்குள் முறையிட வேண்டும். கல்லூரி சொன்னது பொய் என்பதோடு, பொய்யென்று அறிந்தோ, உண்மையைப் பொருட்படுத்தாமலோ சொன்னது என்பதையும் அவனே மெய்ப்பிக்க வேண்டும். தன்னம்பிக்கை குன்றியோரைத் தேடிப்பிடி என்ற அந்த உள்குறிப்பு, மாநிலத்தின் தலைமை வழக்கறிஞரே தொடுத்த வழக்கில்தான் வெளிவந்தது. மருத்துவரின் உதவியாளராகப் படித்த பெண், பகலில் சிற்றுண்டிக் கடை வேலையும் பார்த்துக்கொண்டு, எந்தக் கம்பெனியின் எந்த அலமாரியைத் திறந்து அதை எடுத்து வருவாள்? அதுவும் மூன்றாண்டுக்குள்?