பி.பி.சி அழித்தது... ரசிகர்கள் காப்பாற்றினார்கள்!

2016 நவம்பர் 5-ம் தேதி பிரிட்டனில் ஒரு கார்ட்டூன் வெளியானது. பெயர் 'தி பவர் ஆஃப் தி டாலெக்ஸ்'. ஆறு எபிசோடு, கறுப்பு வெள்ளை. ஹீரோவுக்குக் குரல், பேட்ரிக் ட்ரௌட்டன். இதில் என்ன விசேஷம் என்கிறீர்களா? ட்ரௌட்டன் 1987-லேயே இறந்துவிட்டார். இந்தக் கார்ட்டூனுக்காக அவர் ஒரு வரிகூட டப்பிங் பேசியதில்லை.

ஏ.ஐ வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் குரல் 1966-ல் சில ரசிகர்களின் வீட்டு டேப் ரெக்கார்டரில் பதிவானது. சரியாக 50 வருடம் கழித்து, முதல் எபிசோடு ஒளிபரப்பான அதே நவம்பர் 5-ம் தேதி, அது ஒரு பொம்மையின் வாயிலிருந்து வந்தது. சயின்ஸ் ஃபிக்‌ஷன், கார்ட்டூன், வீட்டு ரெக்கார்டிங் என்று என்னை மாதிரி ஆட்களுக்குப் பிடித்த மூன்றும் ஒரே கதையில் சேருவது அபூர்வம். அதனால் இந்த வாரம் முழுக்க 'டாக்டர் ஹூ' புராணம்தான்.

பார்க்காதவர்களுக்கு ரெண்டு வரி. டாக்டர் என்பவர் வேற்றுக்கிரகவாசி. வெளியே நீல நிறப் போலீஸ் பெட்டியாகவும் உள்ளே அரண்மனை அளவுக்கும் இருக்கிற ஒரு வாகனத்தில் காலத்தைத் தாண்டிப் பயணிப்பவர். பி.பி.சி-யில் 1963 நவம்பர் 23-ம் தேதி ஆரம்பித்த தொடர். முதல் டாக்டர் வில்லியம் ஹார்ட்னெல். 1966-ல் அவருக்கு உடம்பு முடியாமல்போக, நம்ம மெகா சீரியல்களில் 'இவருக்குப் பதில் இவர்' என்று ஸ்லைடு போடுவார்களே, அதை பி.பி.சி கதையாகவே ஆக்கிவிட்டது. டாக்டரின் இனத்துக்குச் சாவு நெருங்கினால் உடம்பு புதிதாக மாறிவிடும்! அப்படி வந்த இரண்டாவது டாக்டர்தான் ட்ரௌட்டன்.

அந்த முதல் 'ஆள் மாற்றம்' நடந்த எபிசோடு, தொடரின் சரித்திரத்திலேயே முக்கியமானது. அது இன்று முழுசாக இல்லை. சிறுவர் நிகழ்ச்சியான 'ப்ளூ பீட்டர்', முகம் மாறும் அந்தச் சில விநாடிகளை எடுத்துப் போட்டுக் காட்டியதால் அந்தத் துண்டு மட்டும் தப்பித்தது.

எங்கே போனது மீதி? பி.பி.சி-யே அழித்துவிட்டது. திருட்டு, தீ விபத்து எதுவும் இல்லை, ஆபீஸ் நடைமுறை. அந்தக் காலத்து வீடியோ டேப் இரண்டு அங்குல அகலம். விலை அதிகம். ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் அதன் மேலேயே அடுத்ததைப் பதிவு செய்வார்கள். நாம் பழைய கேசட்டில் பாட்டு மேல் பாட்டு ஏற்றியதுபோலத்தான். மறுஒளிபரப்புக்கு நடிகர் சங்க ஒப்பந்தத்தில் ஏகப்பட்ட கட்டுப்பாடு. பிறகு கலர் டி.வி வந்ததும் கறுப்பு வெள்ளையை யார் வாங்குவார்கள் என்ற எண்ணம். வீட்டில் வாங்கி வைத்துப் பார்க்கிற வசதி அப்போது இல்லாததால், பார்த்து முடித்த எபிசோடுக்கு மதிப்பே இல்லை.

வெளிநாட்டு டி.வி-களுக்கு விற்க 16 எம்.எம் ஃபிலிமில் காப்பி எடுத்திருந்தார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அவையும் ஒவ்வொன்றாகக் குப்பைக்குப் போயின. 1978 வாக்கில்தான் இந்த அழிப்பு நின்றது. கிடங்கு வரைக்கும் போய்க் கேள்வி கேட்ட இயன் லெவைன் என்ற ரசிகருக்கும் அதில் பங்கு உண்டு. முதல் ஆறு வருடங்களில் வந்த 253 எபிசோடுகளில் நூற்றுக்கும் மேல் அதற்குள் போய்விட்டன.

ஆனால் சத்தம் போகவில்லை. தொலைந்த எபிசோடுகளில் ஒன்றுகூட விடாமல் எல்லாவற்றின் ஒலிப்பதிவும் இருக்கிறது. காரணம், பெரிய ஸ்பூல் டேப் ரெக்கார்டரை டி.வி முன்னால் வைத்து, மைக்கை ஸ்பீக்கரிடம் நீட்டிக்கொண்டு சனிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்திருந்த ரசிகர்கள். பள்ளிக்கூடப் பையன் ஒருவன் இன்னும் ஒரு படி மேலே போய், டி.வி-யின் சவுண்டு லைனிலேயே வயரை இணைத்துவிட்டான். அவனுடைய டேப்புகள்தான் துல்லியம். எதிர்காலச் சந்ததிக்காக என்றெல்லாம் யாரும் இதைச் செய்யவில்லை. ராத்திரி திரும்பக் கேட்கலாமே என்ற ஆசை, அவ்வளவுதான்.

படம் இல்லாமல் வசனம் மட்டும் கேட்பதில் என்ன சுகம் என்று யோசித்தால், வீட்டில் அம்மாவையோ பாட்டியையோ கேளுங்கள். ரேடியோவில் ஒலிச்சித்திரம் கேட்டு, பார்க்காத சினிமாவின் வசனத்தையே மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் அவர்கள். 'திருவிளையாடல்' வசனத்தை கேசட்டில் கேட்டே பேசிக் காட்டிய தலைமுறை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. 'டாக்டர் ஹூ' ரசிகர்களும் அதே ஜாதிதான்.

சத்தத்துக்கு டேப் என்றால் படத்துக்கு ஒரு மனிதர் இருந்தார். ஜான் க்யூரா. வீட்டு டி.வி முன்னால் கேமராவை வைத்து, ஓடிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சியை ஸ்டில் எடுப்பது அவர் தொழில். ஒரு எபிசோடுக்கு ஏறக்குறைய 60, 70 படங்கள். தாங்கள் வேலை செய்ததற்கு அடையாளமாக நடிகர்களும் இயக்குநர்களும் காசு கொடுத்து அவரிடம் வாங்குவார்கள். 'டெலிஸ்நாப்' என்று பெயர். 1993-ல் பி.பி.சி-யின் எழுத்து ஆவணக் காப்பகத்தில் இந்தப் படங்கள் கட்டுக்கட்டாகக் கிடைத்தபோது, தொலைந்த பல கதைகளுக்கு முகம் திரும்ப வந்தது.

இங்கே நமக்கு ஒரு சின்னத் தொடர்பு. 'டாக்டர் ஹூ'வின் முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசைன், லக்னோவில் பிறந்தவர். அப்போது இருபதுகளில் இருந்த இளைஞர். 1964-ல் அவர் எடுத்த 'மார்க்கோ போலோ'வில் குப்ளாய் கானுடன் டாக்டர் பேக்கேமன் ஆடுவார். நம்ம சொக்கட்டானுக்குத் தூரத்துச் சொந்தமான ஆட்டம். பந்தயம் வைத்துத் தன் வாகனத்தையே தோற்பார்! ஏழு எபிசோடுகளும் அழிக்கப்பட்டன. ஆனால், தான் இயக்கிய ஆறு எபிசோடுகளுக்கான க்யூரா படங்களை ஹுசைன் பத்திரமாக வைத்திருந்தார். வேறொருவர் இயக்கிய நான்காவது எபிசோடுக்கு மட்டும் அந்தப் படங்கள் கிடைக்கவில்லை. தன் வேலையின் நினைவாக ஒருவர் வைத்துக்கொண்ட படங்கள்தான் அந்தக் கதையை இன்று நம்மால் கண்ணால் பார்க்க முடிவதற்குக் காரணம்.

இன்னொரு வேடிக்கை, ஆஸ்திரேலியா. அங்கே சென்சார்காரர்கள், பிள்ளைகள் பயப்படுவார்கள் என்று கழுத்தை நெரிக்கிற, குத்துகிற காட்சிகளையெல்லாம் கத்தரித்தார்கள். வெட்டிய துண்டுகளை எடுத்து வைக்க வேண்டும் என்பது விதி. 1996-ல் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் ரசிகர்கள் அவற்றைக் கண்டுபிடித்தார்கள். விளைவு, முழு எபிசோடு போய்விட்டது. யாரும் பார்க்கக் கூடாது என்று வெட்டிய காட்சி மட்டும் உயிரோடு இருக்கிறது!

இந்தச் சத்தம், ஸ்டில், துண்டுக் காட்சி எல்லாவற்றையும் வைத்துத்தான் கார்ட்டூன் வருகிறது. முதல் பெரிய முயற்சி 2006-ல். 'தி இன்வேஷன்' கதையில் காணாமல்போன இரண்டு எபிசோடுகளை, 'டேஞ்சர் மவுஸ்' கார்ட்டூன் எடுத்த காஸ்குரோவ் ஹால் நிறுவனம் டி.வி.டி-க்காக வரைந்து கொடுத்தது. பத்து வருடம் கழித்து 'பவர் ஆஃப் தி டாலெக்ஸ்'. அதற்குப் பிறகு கிட்டத்தட்ட வருடத்துக்கு ஒன்றாவது வந்திருக்கிறது.

எல்லாம் அருமை என்று சொல்ல மாட்டேன். பட்ஜெட் குறைவு என்பது தெரிகிறது. 'பவர் ஆஃப் தி டாலெக்ஸ்' ஆட்கள் நடக்கும்போது தோல்பாவைக் கூத்து ஞாபகம் வரும். அதே கதையில் டாலெக்குகள் மட்டும் பிரமாதம். காரணம் எளிது: அவை சக்கரத்தில் உருளுகிற உலோக டப்பாக்கள், கைகால் அசைக்கத் தேவையில்லை. ஒரு டாலெக் 'நான் உங்கள் வேலைக்காரன்' என்று பசப்பும்போது அந்த உலோகக் குரலே பயமுறுத்திவிடும். 2024-ல் 'தி செலஸ்டியல் டாய்மேக்கர்' கதையை 3டி-யில் செய்தார்கள். எனக்கு அது பழைய வீடியோ கேம் மாதிரி இருந்தது. சண்டைக்கு வருகிறவர்கள் வரலாம்.

வேறு சிலர் கார்ட்டூனுக்குக் காத்திருக்காமல் ஃபிலிமையே தேடிப் போனார்கள். வெளிநாடுகளுக்கு அனுப்பிய 16 எம்.எம் காப்பிகளில் ஒன்றிரண்டாவது எங்காவது தூங்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. பிலிப் மோரிஸ் என்பவருக்கு நைஜீரியாவின் ஜோஸ் நகரத்தில், ஒரு டி.வி நிலையத்தின் அலமாரியில் அதிர்ஷ்டம் அடித்தது. 2013 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. தொலைந்தவை என்று கருதப்பட்ட ஒன்பது எபிசோடுகள். அதற்குப் பிறகும் பட்டியலில் 97 மிச்சம் இருந்தன என்றாலும், ரசிகர்களுக்கு அது தீபாவளிதான்.

அந்த ஒன்பதில் 'தி எனிமி ஆஃப் தி வேர்ல்டு' கதை எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம். அதுவரை ஆறில் ஒரே ஒரு எபிசோடு மட்டும் இருந்தது. அதை வைத்து, சுமாரான கதை என்று முத்திரை குத்திவிட்டார்கள். முழுசாகக் கிடைத்த பிறகு ட்ரௌட்டனின் இரட்டை வேடத்தைப் பார்த்து அசந்துபோனார்கள். அவரேதான் டாக்டர், அவரேதான் வில்லன். முகமும் நடையும் ஆளையே மாற்றிக் காட்டும். டேப்பில் குரலை மட்டும் கேட்டு அதை எப்படித் தெரிந்துகொள்வது?

வீட்டு வீடியோவின் பங்கு இதைவிட ஆச்சரியம். 1970-களின் கலர் எபிசோடுகள் சிலவற்றுக்கு, பி.பி.சி-யிடம் கறுப்பு வெள்ளை ஃபிலிம் மட்டுமே எஞ்சியது. அமெரிக்க ரசிகர் ஒருவர் டி.வி-யிலிருந்து கலரில் பதிவு செய்த டேப் இருந்தது. படம் மங்கல், இரைச்சல் வேறு. பி.பி.சி என்ஜினீயர்களும் ரசிகர்களும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். ஃபிலிமிலிருந்து தெளிவான கறுப்பு வெள்ளை உருவம், டேப்பிலிருந்து கலர் மட்டும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினார்கள். 1992-ல் 'தி டீமன்ஸ்' கதை இப்படித்தான் கலருக்குத் திரும்பியது.

மங்கலான கலர் எப்படிப் போதும்? மார்கழிக் கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைக் கோடு கச்சிதமாக இருந்தால், கலர்ப்பொடி அங்கங்கே சிதறினாலும் கண்ணுக்கு உறுத்தாது. நம் கண் அப்படி; உருவத்தின் கூர்மையைக் கவனிக்கிற அளவுக்கு நிறத்தின் எல்லையைக் கவனிப்பதில்லை. கலர் டி.வி தொழில்நுட்பமே இதை நம்பித்தான் பிறந்தது.

கலர் டேப்பே இல்லாத எபிசோடுகளுக்கும் ஒரு வழி பிறந்தது. கலர் நிகழ்ச்சியைக் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் நகல் எடுத்தபோது, கலர் சிக்னல் பொடிப்பொடிப் புள்ளிகளாக அந்த ஃபிலிமிலேயே பதிந்திருந்தது. அழிந்த கோலத்தின் புள்ளிகள் மட்டும் வாசலில் மிஞ்சியதுபோல. அந்தப் புள்ளிகளைப் படித்து எந்த இடத்தில் என்ன நிறம் என்று கண்டுபிடிக்க சாஃப்ட்வேர் எழுதினார்கள். 2009-ல் 'பிளானட் ஆஃப் தி டாலெக்ஸ்' கதையின் ஒரு எபிசோடு கலருக்குத் திரும்பியதில் அதற்குப் பங்கு உண்டு. கழித்துக்கட்ட வேண்டிய குறை என்று நினைத்ததில்தான் நிறம் ஒளிந்திருந்தது.

இதெல்லாம் பழைய காலத்துப் பிரச்னை, இப்போது எல்லாம் க்ளவுடில் இருக்கிறதே என்கிறவர்களுக்கு ஒரு தகவல். 'பவர் ஆஃப் தி டாலெக்ஸ்' கார்ட்டூன் 2016-ல் முதலில் விற்பனைக்கு வந்தது 'பி.பி.சி ஸ்டோர்' என்ற ஆன்லைன் கடையில். பி.பி.சி-யே 2015-ல் திறந்த கடை. காசு கொடுத்து வாங்கினால் உங்கள் கணக்கில் வீடியோ இருக்கும். 2017 நவம்பர் 1-ம் தேதி கடையை மூடிவிட்டார்கள். வாங்கியவர்களுக்குப் பணம் திரும்ப வந்தது, வீடியோ போய்விட்டது. ஒருமுறை அழிந்து, ரசிகர் டேப்பால் உயிர் பிழைத்து வந்த கதை, ஒரே வருடத்தில் இரண்டாவது முறையாக மக்கள் கையைவிட்டுப் போனது. டி.வி.டி வாங்கியவர்களிடம் அது பத்திரமாக இருந்தது.

2022 ஆகஸ்டில் 'இன்ஃபினிட்டி ட்ரெயின்' என்ற அருமையான சயின்ஸ் ஃபிக்‌ஷன் கார்ட்டூனை ஹெச்.பி.ஓ மேக்ஸ் தன் தளத்திலிருந்து தூக்கியது. சந்தா கட்டிய ரசிகர்கள் பாதியில் நின்றார்கள். இப்போது உங்கள் போனில் ஏதாவது ஒரு பெரிய ஓ.டி.டி ஆப்பைத் திறந்து ஒரு காட்சியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் கறுப்புச் சதுரம்தான் வரும். பைரஸியைத் தடுக்க அந்தப் பூட்டு. நியாயமான காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால், ஜான் க்யூரா இன்று இருந்தால் அவர் கடைக்கும் பூட்டுதான்.

கடைசியாக ஒரு வேலை. உங்கள் வீட்டுப் பரணில் பழைய வி.ஹெச்.எஸ் கேசட் இருந்தால் எடைக்குப் போடுவதற்குமுன் ஒருமுறை பாருங்கள். மேலே ஒட்டிய லேபிளை மட்டும் நம்ப வேண்டாம். 'மாமா கல்யாணம்' முடிந்து மீதியிருந்த டேப்பில், யாராவது தூர்தர்ஷன் நாடகத்தையோ ஒளியும் ஒலியும் நிகழ்ச்சியையோ பதிவு செய்து வைத்திருக்கலாம். உள்ளே சுருளில் வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போடாதீர்கள். டேப் கிழியும், பிளேயரின் ஹெட்டும் கெடும். பழைய கேசட்டை டிஜிட்டலாக மாற்றித் தருகிற ஸ்டுடியோக்காரரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். தள்ளிப்போடவும் வேண்டாம். வி.சி.ஆர் தயாரித்துக்கொண்டிருந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையில் அதை நிறுத்திவிட்டது. இப்போது ஓடுகிற பிளேயர்கள் எல்லாமே பழசுதான்.