அத்துமீறியது யார்?

யாரு மண்ணுக்குள்ள யாரு நொழஞ்சது? கேள்வி இதுதான்.

அமெரிக்காவின் நெவாடா பாலைவனம் மேற்கு ஷோஷோனி பழங்குடிகளின் மண். 1863இல் அமெரிக்க அரசு அவர்களோடு உடன்படிக்கை போட்டது. வழிவிட ஒத்துக்கொண்டார்கள். ரயில் போட, சுரங்கம் தோண்ட ஒத்துக்கொண்டார்கள். மண்ணை எழுதிக் கொடுக்கவில்லை. ஆனால் 1951 முதல் 1992 வரை அங்கே வெடித்த அணுகுண்டுச் சோதனைகள் 928!

எதிர்த்து வந்தவர்கள் கல்லெடுக்கவில்லை. 1980களில் ஷோஷோனிகளிடமே அனுமதிச் சீட்டு வாங்கி, வெறுங்கையோடு எல்லைக்கோட்டைத் தாண்டினார்கள். பிடித்து வண்டியில் ஏற்றினார்கள். குற்றம் என்ன? அத்துமீறி நுழைந்தார்களாம்! மண்ணுக்குச் சொந்தக்காரன் கொடுத்த சீட்டு செல்லாதாம்.

அரசு வைத்திருந்த கணக்கைப் பாருங்கள். நிலத்துக்கு ஈடு என்று சொல்லி 1979இல் 2.6 கோடி டாலரைத் தன் கஜானாவிலேயே ஷோஷோனிகள் பேரில் வரவு வைத்தது. அவர்கள் தொட மறுத்தார்கள். வரவு வைத்தாலே கொடுத்த மாதிரிதான் என்று 1985இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. விக்காத நிலத்துக்குக் கிரயம், வாங்காத பணத்துக்கு ரசீது!

போராடுகிறவனுக்கு அகிம்சை உபதேசம் பண்ணுகிற பெரிய மனுஷர்களே, சொல்லுங்கள். சீட்டோடு வந்தவன் அத்துமீறினானா, குண்டோடு வந்தவனா?

எங்களுக்கு அந்தச் சீட்டுதான் பட்டா.