நட்சத்திரங்களின் வாய்ச்சொல் செய்தியாகுமா?

பத்திரிகை என்பது ஒரு சாட்சி. நிகழ்ச்சி நடந்த இடத்திற்குச் சென்று, கண்டவரை விசாரித்து, மறுப்பவரிடமும் ஒரு வார்த்தை கேட்டு, அதன் பின்னரே 'இது நடந்தது' என்று தன் பெயரால் உலகுக்கு உரைப்பது அதன் தொழில். அவ்வுரையில் வாசகர் வைக்கும் நம்பிக்கையே பத்திரிகையின் முதல். காகிதமும் மையும் இயந்திரமும் பணங் கொடுத்தால் கிடைக்கும். நம்பிக்கை அவ்வாறு கிடைப்பதன்று.

அத்தகைய தொழிலிலே ஒரு புதுப் பழக்கம் வேரூன்றி விட்டது. திரைப்பட நடிகரோ, பாடகரோ, விளையாட்டு வீரரோ தமது சமூக ஊடகப் பக்கத்தில் இரண்டு வரி எழுதுகின்றார். அல்லது ஒரு படத்தை இடுகின்றார். அரைமணி நேரத்துள் அது செய்தியாகி விடுகின்றது. அவர் எழுதியது ஒரு பந்தி. அதனைக் கண்டு மகிழ்ந்தோர் எழுதியது ஒரு பந்தி. வெகுண்டோர் எழுதியது ஒரு பந்தி. ஈற்றில், 'இப்பதிவு பெரும் பரபரப்பை ஏற்படுத்தியுள்ளது' என ஒரு முத்தாய்ப்பு. எழுதிய நிருபர் நாற்காலியை விட்டு எழுந்தாரில்லை. எவரையும் தொலைபேசியில் அழைத்து வினவினாருமில்லை. இதனையே சிறுவர் முதல் முதியோர் வரை செய்தியென்று வாசிக்கின்றோம். இது தகுமா என்பதை இவ்வாரம் சற்றே ஆராய்வோம்.

சமூக ஊடகத்திலிருந்து எடுக்கப்படுவன யாவும் குப்பை என்று நாம் கூறவில்லை. இந்தியக் கிரிக்கெட் அணியின் முன்னாள் தலைவர் மகேந்திரசிங் தோனி, சர்வதேச ஆட்டங்களிலிருந்து தாம் ஓய்வு பெறுவதை 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆந் திகதி இன்ஸ்டகிராம் வாயிலாகவே அறிவித்தார். ஓய்வு பெறுபவரும் அவர். அதனை உரைத்தவரும் அவரே. ஒருவர் தம்மைப் பற்றிச் செய்த முடிவுக்கு அவரினும் தக்க சாட்சி வேறு யாருளர்? பத்திரிகைகள் அதனை வெளியிட்டது முறையே. ஆனால், இத்தகைய அறிவிப்பிலே ஒரு குறையும் உண்டு. ஏன், எப்பொழுது தீர்மானித்தீர் என்று எவரும் எதிரே நின்று கேட்க இயலாது. பதிவு என்பது கேள்விக்கு இடந்தராத பேச்சு. கேள்வி கேட்பதே தொழிலாகக் கொண்டவர்கள் இதனை மறத்தலாகாது.

தம்மைப் பற்றியன்றிப் பிறரைப் பற்றி ஒருவர் எழுதும்போதுதான் ஆபத்துத் தொடங்குகின்றது. சிம்பாப்வே கிரிக்கெட் அணியின் முன்னாள் தலைவர் ஹீத் ஸ்ட்ரீக்கை நம் நாட்டுக் கிரிக்கெட் அன்பர் பலர் அறிவர். டெஸ்ட் ஆட்டங்களிலே 216 விக்கெட்டுகளை வீழ்த்திய வேகப்பந்து வீச்சாளர் அவர். 2023ஆம் ஆண்டில் அவர் புற்றுநோயால் பீடிக்கப்பட்டிருந்தார். அவ்வாண்டு ஆகஸ்ட் 23ஆந் திகதி, அவருடன் ஒரே அணியில் ஆடியவரான ஹென்றி ஒலொங்கா, ஸ்ட்ரீக் காலமாகி விட்டார் என்று சமூக ஊடகத்தில் எழுதினார். சொன்னவர் புகழ்பெற்றவர், இறந்ததாகச் சொல்லப்பட்டவரின் பழைய தோழர். இதற்குமேல் என்ன வேண்டும் என்று எண்ணினார்கள் போலும்! பல நாடுகளின் செய்தித் தாபனங்கள் மரணச் செய்தியை வெளியிட்டன, இரங்கலுரைகள் குவிந்தன.

ஆனால் ஸ்ட்ரீக் உயிருடன் இருந்தார். தாம் உயிருடன் இருப்பதாக அவரே ஒலொங்காவுக்குச் செய்தி அனுப்ப, ஒலொங்காவும் உடனே அதனை வெளியிட்டுத் தம் கூற்றைத் திருத்தினார். ஒருவரது மரணம் பற்றிய வதந்தி உறுதிப்படுத்தப்படாமலே இவ்வாறு பரவியமை தம் மனத்தைப் புண்படுத்தியதென ஸ்ட்ரீக் பத்திரிகையாளரிடம் கூறினார். அதன்பின் அவர் வாழ்ந்தது 11 நாள்களே. செப்டெம்பர் 3ஆந் திகதி, தமது 49ஆவது வயதில் மெய்யாகவே காலமானார். எஞ்சியிருந்த சில நாள்களில் ஒன்றை, தாம் இறக்கவில்லை என்று உலகுக்கு மெய்ப்பிப்பதில் அவர் கழிக்க நேர்ந்தது. வீட்டிலே நோயாளி இருக்கும் குடும்பத்தினர் இதன் கொடுமையை உணர்வார்கள்.

இதிலே நுணுகி நோக்கத்தக்க ஒன்றுண்டு. செப்டெம்பர் 3ஆந் திகதி மரணத்தை அறிவித்ததும் ஒரு சமூக ஊடகப் பதிவே. அன்று முகநூலில் எழுதியவர் ஸ்ட்ரீக்கின் துணைவியார். ஆகவே குற்றம் கருவியிலன்று. அறிந்தவர் சொன்னாரா, கேள்வியுற்றவர் சொன்னாரா என்பதே வினா. ஒலொங்கா வேண்டுமென்று பொய் சொன்னார் என்று எவருங் கூறார். நல்லவருந் தவறுதலாக ஒன்றை நம்பக் கூடும். அத்தவறு உலகிற் பரவாது தடுப்பதற்காக அன்றோ நிருபர் என்றும் பத்திராதிபர் என்றும் சிலர் இருக்கின்றனர்?

இனி மற்றொரு கேட்டைக் கவனிப்போம். பதிவு முற்றும் உண்மையாயிருப்பினும், அது உண்மையான செய்தியை விழுங்கி விடுவதுண்டு. இந்தியாவில் 2020ஆம் ஆண்டு நிறைவேறிய மூன்று வேளாண் சட்டங்களை எதிர்த்துப் பஞ்சாப், ஹரியானா முதலிய மாநிலங்களின் உழவர்கள் டில்லியின் எல்லைகளிலே மாதக்கணக்காகத் தங்கியிருந்தனர். 2021ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆந் திகதி, அமெரிக்கத் தொலைக்காட்சித் தாபனமொன்றின் செய்தியை இணைத்து, நாம் ஏன் இதனைப் பற்றிப் பேசுவதில்லை என்ற கருத்துப்படப் பாடகி றியானா டுவிட்டரில் ஒரு வரி எழுதினார். இணைத்த செய்தியோ, உழவர்கள் திரண்டிருந்த இடங்களைச் சூழ இணையத் தொடர்பு துண்டிக்கப்பட்டமை பற்றியது.

அப்பாற் பேசப்பட்டது யாது? மறுநாள் இந்திய வெளிவிவகார அமைச்சு அறிக்கை விடுத்தது. திரை நட்சத்திரங்களும் சச்சின் டெண்டுல்கர் போன்ற கிரிக்கெட் வீரர்களும் எதிர்ப்பதிவு எழுதினர். அவ்வெதிர்ப்பதிவுகளுக்கு மறுபதிவுகள் எழுந்தன. இவையனைத்தும் தலைப்புச் செய்திகளாயின. றியானா பேசலாமா, பேசலாகாதா என்று தொலைக்காட்சிகள் வாதிட்டன. சட்டம் என்ன கூறுகின்றது, விளைபொருளின் ஆதார விலை பற்றி உழவன் ஏன் அஞ்சுகின்றான், இணையத்தை ஏன் துண்டித்தனர் என்பன பின்னுக்குத் தள்ளப்பட்டன. அந்த ஒரு வரி பலரின் கண்களைத் திறந்தது என்பது மெய்யே. ஆயினும் விரல் நிலவைச் சுட்டியபோது, பத்திரிகைகள் விரலையே வர்ணித்துக் கொண்டிருந்தன.

மூன்றாவது கேடு பணத்தோடு தொடர்புடையது. புகழ்பெற்றோர் பலருக்குத் தம் பக்கமே ஒரு கடைவீதி. அமெரிக்காவின் கிம் கர்தாஷியன் 2021ஆம் ஆண்டில் ஒரு மின்னியல் நாணயத்தைப் பற்றி இன்ஸ்டகிராமில் எழுதினார். அதற்கென 250,000 டொலர் பெற்றதை அவர் வெளிப்படுத்தவில்லை என அந்நாட்டுப் பங்குச் சந்தை ஆணையம் குற்றஞ் சாட்டியது. 2022ஆம் ஆண்டு ஒக்டோபரில், குற்றத்தை ஒப்பாமலும் மறுக்காமலும், 1,260,000 டொலர் செலுத்த அவர் உடன்பட்டார். கூலிக்கு எழுதிய புகழ்ச்சியை ஒரு பத்திரிகை செய்தியென அச்சிடுமாயின், அது பிறருடைய சரக்குக்குத் தன் நன்மதிப்பை இலவசமாக வாடகைக்கு விட்டதாகும். அதனை நம்பி ஏழையொருவர் தம் சேமிப்பை இழப்பின், அப்பழியில் பத்திரிகைக்கும் பங்குண்டு.

இப்பழக்கம் ஏன் பெருகிற்று? நிருபரை வெளியூருக்கு அனுப்பினாற் செலவு. பதிவைப் பிரதி பண்ணினாற் செலவில்லை. இணையத்தில் ஒவ்வொரு பார்வையும் எண்ணப்படுகின்றது. அவ்வெண்ணிக்கையைப் பொறுத்து விளம்பரப் பணம் வருகின்றது. அந்த எண்ணிக்கையைப் பெருக்குவோர் யார்? வாசகராகிய நாமே. ஒரு கிராமத்துக் குளம் உடைந்த செய்தியைத் தள்ளிவிட்டு, நடிகையின் விடுமுறைப் படத்தைத் திறக்கும் நம் விரலே பத்திராதிபருக்கு ஆணையிடுகின்றது. கொள்வோர் உள்ளவரை கொடுப்போர் குறையார்.

ஆகவே, பெற்றோர்களும் மாணவர்களும் வீட்டிலே ஒரு சிறு பயிற்சியை மேற்கொள்ளலாம். இத்தகைய செய்தியொன்று கண்ணிற் படும்போது மூன்று வினாக்களை எழுப்புக. எழுதியவர் தாம் நேரே அறிந்ததை எழுதினாரா, பிறர் சொல்லக் கேட்டதை எழுதினாரா? அதனால் அவருக்கு ஊதியம் ஏதும் உண்டா? நிருபர் அப்பதிவுக்கு அப்பால் ஒருவரையேனும் விசாரித்தாரா? மூன்றாவது வினாவுக்கு 'இல்லை' என்பதே விடையாயின், அது இன்னும் செய்தியாகவில்லை. செய்தியாவதற்குரிய ஒரு துப்பு மாத்திரமே. அதனை மற்றொருவருக்கு அனுப்பாது அங்கேயே நிறுத்துக.

கண்ணாற் கண்டதும் பொய், காதாற் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்று நம் முன்னோர் மொழிந்தனர். திருக்குறளில் அறிவுடைமை என்னும் அதிகாரத்தை மாணவர்கள் மீட்டும் ஒருமுறை எடுத்துப் படிப்பார்களாக. பேசுபவரின் புகழுக்கும் பேச்சின் மெய்ம்மைக்கும் தொடர்பில்லை என்பதை அங்கே காண்பார்கள். நட்சத்திரம் வானில் எவ்வளவு ஒளிர்ந்தாலும், வீட்டில் வழிகாட்டுவதற்குக் கைவிளக்கே வேண்டும். அக்கைவிளக்கை அணையவிடாது காப்பது பத்திரிகையின் கடமை. அதற்கு எண்ணெய் வார்ப்பது வாசகரின் கடமை.