எண்ண வேண்டியது தாய் ஆமைகளை

சம்பல் ஆற்றங்கரையில் கோடையின் முடிவில் ஆமைக் குஞ்சுகளை ஆற்றில் விடும் நிகழ்ச்சி ஆண்டுதோறும் நடக்கிறது. நாளிதழ்களில் படம் வருகிறது; இத்தனை குஞ்சுகள் விடப்பட்டன என்ற எண்ணிக்கையும் வருகிறது. வெயிலில் நின்று அந்த முட்டைகளைக் காத்தவர்களின் உழைப்பு பெரிது. ஆனாலும் அந்த எண்ணிக்கையைப் பார்த்து ஆமை இனம் தழைக்கிறது என்று முடிவு கட்டுவது தவறு. முட்டையிடும் வயதை எட்டிவிட்ட தாய் ஆமைகள் ஆற்றில் இன்னும் எத்தனை ஆண்டு உயிரோடிருக்கும் என்பதுதான் ஓர் ஆற்று ஆமை இனத்தின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. அரசின் பணமும் கவனமும் அங்கே போக வேண்டும்.

சம்பலில் வாழும் பட்டாகுர் கச்சுகா என்ற ஆமையையே எடுத்துக்கொள்வோம். இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலை செக்கச் சிவந்துவிடும். பெண், ஆணைவிட மிகப் பெரியது. அரை மீட்டருக்கு மேல் நீளமும் 25 கிலோ வரை எடையும் கொண்டது. ஒரு காலத்தில் கங்கைப் படுகை முழுவதும் பரவியிருந்த இந்த இனத்துக்கு இன்று உலகிலேயே முக்கியப் புகலிடம் சம்பல்தான். அங்கும் முட்டையிடும் பெண் ஆமைகள் சுமார் 500தான் இருக்கும் என்கிறார்கள் ஆய்வாளர்கள். மார்ச், ஏப்ரலில் மணல் திட்டில் குழி தோண்டி 11 முதல் 30 முட்டைகள் வரை இடும். அவற்றில் பெரும்பகுதி நரிக்கும் உடும்புக்கும் போய்விடும். இயற்கையில் இது பழைய ஏற்பாடு. முட்டை எவ்வளவு போனாலும், தாய் பல்லாண்டு வாழ்ந்து திரும்பத் திரும்ப முட்டையிட்டு அதை ஈடுகட்டிவிடும். பெரிய ஓடு பூண்ட தாயை ஆற்றில் கொல்லக்கூடிய விலங்குகள் குறைவு.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு தாய் ஆமைகளில் ஆண்டுக்கு 5 செத்தால், ஒரு தாய்க்குச் சராசரியாக இன்னும் 20 ஆண்டு ஆயுள் உண்டு. ஆண்டுக்கு 20 முட்டை என்றால் மொத்தம் 400. மீன் வலைகளில் சிக்கிச் சாவு 15 ஆக உயர்ந்தால் ஆயுள் ஏழு ஆண்டுக்கும் குறைகிறது. முட்டைகள் 130 சொச்சமாகிவிடுகின்றன. அதே வலைகளில் இளம் ஆமைகளும் சிக்கும் அல்லவா? பருவமடைய 10 ஆண்டு ஆகும் என்று வைத்துக்கொண்டால், முதல் நிலையில் நூற்றுக்கு 60 இளம் ஆமைகள் அந்த வயதை எட்டும், இரண்டாவதில் 20தான். இரண்டையும் சேர்த்தால் இழப்பு ஒன்பது மடங்கு. அதை ஈடுகட்டக் குஞ்சு பொரிப்பகங்கள் எத்தனை வேண்டும்?

இது வெறும் ஏட்டுக் கணக்கும் அல்ல. கனடாவின் அல்கான்குவின் பூங்காவில் 1972 முதல் ஆராயப்பட்டுவரும் ஆமைக் கூட்டம் ஒன்றில், 1980களின் இறுதிக் குளிர்காலங்களில் நீர்நாய்கள் வளர்ந்த ஆமைகள் பலவற்றைக் கொன்றன. இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்தக் கூட்டம் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பவில்லை. எண்ணிக்கை குறைந்துவிட்டது என்பதற்காக மீதமிருந்த ஆமைகள் கூடுதலாகப் பெருகவுமில்லை. அமெரிக்காவின் மிச்சிகனில் நடந்த நீண்டகால ஆய்வு 1993இல் இதே முடிவுக்குத்தான் வந்தது: பருவமடைய 14 ஆண்டுக்குக் குறையாமல் எடுக்கும் ஓர் இனத்தில், முட்டைகளை மட்டும் காத்துப் பயனில்லை.

அமேசானில் முட்டைக் காவல் வெற்றி பெற்றிருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிரேசிலின் ஜுருவா ஆற்றில் கரையோர மக்கள் காவல் காக்கும் மணல் கரைகளில் ஆமைகள் வெகுவாகப் பெருகியிருக்கின்றன. ஆனால் அங்கே முட்டையிடக் கரையேறும் தாயைத்தான் காலங்காலமாகக் கூட்டம் கூட்டமாகப் பிடித்துப்போனார்கள். கரைக்குக் காவல் வந்ததும் முட்டையோடு தாயும் தப்பியது. சம்பலில் தாய்க்கு ஆபத்து ஆற்றுக்குள் இருக்கிறது. ஆமைக்கு நுரையீரல், மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். வலையில் சிக்கினால் மூழ்கிச் சாகும். கோட்டா தடுப்பணையில் நீர் கால்வாய்களுக்குத் திரும்பிவிட, கோடையில் ஆறு வற்றி, மணல் திட்டுகள் கரையோடு ஒட்டிக்கொள்கின்றன. திருட்டு மணல் லாரிகள் மிச்சமிருக்கும் திட்டுகளையும் விடுவதில்லை.

வலையைத் தடுத்தால் மீனவர் வயிறு காயாதா என்ற கவலையை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அன்றாடம் மீன் பிடிப்பவரையும் ஆமைக் கடத்தல்காரரையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம். 2017 ஜனவரியில் உத்தரப் பிரதேசத்தின் அமேதியில் ஒரே சோதனையில் 6,400க்கும் மேற்பட்ட ஆமைகள் பிடிபட்டன. அது வயிற்றுப்பாட்டுக்குப் பிடித்த மீன் கூடை அல்ல, பெருவணிகம். மீனவரிடம் கேட்க வேண்டியது வேறு: முட்டையிடும் இரண்டு மாதங்களில் திட்டுகளை ஒட்டிய மடுக்களில் வலை போடாதிருப்பது, அந்த நாள்களுக்கு இழப்பீடு பெற்றுக்கொள்வது, சிக்கிய ஆமையை உயிரோடு விடுவது.

தமிழ்நாட்டுக்கும் இதில் வேலை இருக்கிறது. தீபகற்ப இந்தியாவுக்கே உரிய லீத் மென்னோட்டு ஆமை, அழிவின் விளிம்பிலுள்ள இனம். 2022இல் பனாமாவில் நடந்த மாநாட்டில், இந்தியாவின் கோரிக்கைப்படி, அதன் பன்னாட்டு வணிகத்துக்கு முற்றாகத் தடை வந்தது. கச்சுகாவுக்கும் அதே காப்பு கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு அரசு கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயத்தை அறிவித்தபோது, அங்குள்ள உயிர்களில் ஒன்றாக லீத் ஆமையையும் குறிப்பிட்டது. அந்தச் சரணாலயத்தின் ஆண்டறிக்கையில் முதலில் இடம்பெற வேண்டியது, அடையாளமிட்ட தாய் ஆமைகளில் எத்தனை மறு ஆண்டும் கண்ணில் பட்டன என்ற கணக்கு. மென்னோட்டில் வெட்டுக்குறி நிற்காது. தோலுக்கடியில் சில்லு பொருத்த வேண்டியிருக்கும். பத்து ஆண்டாவது தொடர்ந்தால்தான் அந்தக் கணக்கு எதையாவது சொல்லும். ஓர் அதிகாரியின் பதவிக்காலத்துக்குள் அது முடியாது என்பதால், அந்தப் பொறுப்பை ஓர் ஆய்வு நிறுவனத்திடம் நிலையாக ஒப்படைத்து, காவிரியின் மடுக்களை அறிந்த மீனவர்களையும் பரிசல்காரர்களையும் மாதச் சம்பளத்தில் அதில் சேர்க்க வேண்டும்.