கரடி பேசினால் நம் வீட்டுக் குரல் கேட்கும்

வானொலியில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நேயர் பேசியதை ஒலிபரப்புக்குத் தயார் செய்யும்போது ‘வந்து...’, ‘அது என்னன்னா...’, ஒரு பெருமூச்சு, ஒரு தொண்டைச் செருமல், எல்லாவற்றையும் வெட்டிவிடுவோம். பேச்சு சுத்தமாகும், நேரமும் மிச்சமாகும்.

நாங்கள் வெட்டிப் போடும் இந்தத் துண்டுகளை வைத்தே ஒருவர் ஊரைச் சிரிக்க வைத்து ஆஸ்கரும் வாங்கியிருக்கிறார். அவர் இங்கிலாந்தின் நிக் பார்க். படத்தின் பெயர் ‘கிரியேச்சர் கம்ஃபர்ட்ஸ்’. பிரிஸ்டல் நகரின் ஆர்ட்மன் நிறுவனம் 1989இல் தயாரித்த, சுமார் 5 நிமிடம் ஓடும் களிமண் பொம்மைப் படம். ‘வாலஸ் அண்ட் குரோமிட்’ பார்த்தவர்களுக்கு அந்த உருண்டைக் கண்ணும் அகன்ற வாயும் உடனே பிடிபட்டுவிடும்.

இதற்கு யாரும் வசனம் எழுதவில்லை. ஒலிவாங்கியோடு சாதாரண மக்களிடம் போய், “உங்கள் வீடு வசதியாக இருக்கிறதா? விலங்குக் காட்சிச்சாலை பற்றி என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்டுப் பதிவு செய்தார்கள். பிறகு அந்தக் குரல்களை, கூண்டில் இருக்கும் களிமண் விலங்குகளின் வாயில் வைத்தார்கள். பனிக்கரடிக் குடும்பம் ஒன்று, காட்சிச்சாலை நல்லதா கெட்டதா என்று விவாதிக்கிறது. இங்கிலாந்தில் வாழ்ந்த பிரேசில் மாணவரின் குரலில் ஒரு பெரும்பூனை, குளிர் தாங்கவில்லை, சாப்பாடு சரியில்லை, இடம் போதவில்லை என்று கைகளை வீசிப் புலம்புகிறது. வெளிநாட்டில் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளை தொலைபேசியில் புலம்புவது போலவே இருக்கும்!

ஆனால் வேலை இலேசானதல்ல. குரல்பதிவை ஒவ்வோர் ஒலியாகப் பிரித்துக் குறித்துக்கொண்டு, அதற்கேற்ப பொம்மையின் வாயை மாற்றி, கண்ணை நகர்த்திப் படம் பிடிக்க வேண்டும். ஒரு விநாடி ஓட 24, 25 படச்சட்டங்கள் தேவை. 5 நிமிடத்துக்கு ஏறக்குறைய 7,000. ஒரு திக்கலுக்கும் அரை விநாடி மௌனத்துக்கும்கூட அதே உழைப்புதான்.

1991 ஆஸ்கர் விழாவில் குறும்பட அனிமேஷன் விருதுக்கு நிக் பார்க்கின் இரண்டு படங்கள் போட்டியிட்டன. வாலஸும் குரோமிட்டும் அறிமுகமான ‘எ கிராண்ட் டே அவுட்’டை இந்தப் படம் முந்தியது. அவரை அவரே தோற்கடித்தார்!

சிரித்து முடித்த பிறகுதான் படம் உறுத்துகிறது. ‘இங்கே எனக்கு வசதிதான்’ என்று ஒரு மனிதர் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். அதையே கம்பிக்குப் பின்னால் நிற்கும் விலங்கு சொல்லும்போது, அந்த ‘தான்’ காதில் விழுகிறது.

அடுக்குமாடி வீட்டில் பகல் முழுக்கத் தனியாக இருக்கும் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். “எனக்கென்னப்பா, நல்லாத்தான் இருக்கேன்” என்பார்கள். அதற்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விழும். பதில் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

இந்த வாரம் பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்தப் படத்தைப் பாருங்கள். பார்த்த பிறகு, கைப்பேசியில் பதிவுப் பொத்தானை அழுத்தி, பாட்டியிடம் அவர் வளர்ந்த வீட்டைப் பற்றிப் பேரப்பிள்ளைகளைக் கேட்கச் சொல்லுங்கள். இருமல், திக்கல் எதையும் வெட்டாதீர்கள். முக்கியமாக, அவர் பேச்சை நிறுத்தினால் அவசரப்பட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடாதீர்கள்.