நேர்முகத்தில் எனக்கு எத்தனை மார்க்?

பொதுப் பல்கலைக்கழக இடங்களுக்கான யூபியூ முடிவு வெளியாகும் வாரத்தில், ஈப்போவுக்கு அருகே செமோர் பக்கம் எந்தச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தாலும் ஒரு கேள்வி காதில் விழும்: "யார் பிள்ளைக்கு மெடிசின் கிடைச்சது?" கிடைத்த பிள்ளைகளின் பெயர்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு தேத்தாரே ஆறிப்போகும் அளவுக்கு நீள்வது இன்னொரு பேச்சு. எஸ்டிபிஎம்மில் ஃபோர் ஃபிளாட் எடுத்த பிள்ளைக்கு ஏன் கிடைக்கவில்லை?

பதில் அந்தப் பிள்ளைக்கே தெரியாது. பள்ளிக்கும் தெரியாது. இடங்கள் குறைவு, கேட்பவர்கள் அதிகம், எல்லாருக்கும் கிடைக்காது என்பது பெற்றோருக்குப் புரியாத சங்கதியல்ல. காரணம் சொல்லாமல் கதவை அடைப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

பொதுப் பல்கலைக்கழகச் சேர்க்கையில் ஒரு பாதி திறந்த புத்தகம். மெரிட் என்பது நூறு விழுக்காடு. அதில் 90 கல்வித் தேர்ச்சிக்கு, 10 புறப்பாட நடவடிக்கைக்கு. ஒவ்வொரு படிப்புக்கும் சராசரி மெரிட் எவ்வளவு என்பதை யூபியூவின் வழிகாட்டித் தளத்திலேயே பார்க்கலாம். ஆறாம் படிவத்துப் பிள்ளை ஒருத்தி கைப்பேசியில் கணக்குப் போட்டு, தான் எங்கே நிற்கிறாள் என்று ஏறக்குறையச் சொல்லிவிடுவாள். ஆனால் மருத்துவத்துக்கு அது போதாது. நேர்முகத் தேர்வு இருக்கிறது. அங்கே கணக்கு நின்றுவிடுகிறது. நேர்முகத்துக்கு மொத்தத்தில் எத்தனை விழுக்காடு எடை, தேறுவதற்குக் குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும், தனக்கு எவ்வளவு கிடைத்தது என்பதெல்லாம் அந்த அறைக்குள்ளேயே தங்கிவிடும். வெளியே வருவது வருத்தம் தெரிவிக்கும் ஒரு வரி மட்டும்.

நேர்முகமே வேண்டாம் என்று வாதிடுபவன் அல்லன் நான். நோயாளியின் முகம் பார்த்துப் பேசத் தெரியாதவர் எத்தனை ஏ எடுத்தும் பயனில்லை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2000-களின் தொடக்கத்தில் ஒரு முறையை உருவாக்கினார்கள். ஒரே மேசையில் மூன்று பேர் உட்கார்ந்து கேட்பதற்குப் பதிலாக, வரிசையாகப் பல சிறு அறைகள். கதவில் ஒட்டியிருக்கும் சூழ்நிலையை ஒன்றிரண்டு நிமிடத்தில் படித்துவிட்டு, மணி அடித்ததும் உள்ளே போய்ப் பேச வேண்டும். அடுத்த மணிக்கு அடுத்த அறை, அடுத்த ஆள். ஒருவருடைய விருப்பு வெறுப்பு முழு முடிவையும் சாய்த்துவிடக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு அது. உலகம் முழுவதும் பரவிவிட்டது, இங்கேயும்தான். நல்ல முறை. ஆனால் எந்த அறையில் எதை அளக்கிறார்கள் என்று முன்கூட்டியே தெரிந்த பிள்ளைக்கும், கதவைத் திறந்தபிறகுதான் தெரிந்துகொள்ளும் பிள்ளைக்கும் இடையே உள்ள தூரத்தை அந்த முறையால் குறைக்க முடியாது.

அந்தத் தூரம் செமோரில் அதிகம். இங்கே சுற்றியிருந்த ரப்பர் காடுகளில் பல, செம்பனையாகவும் தாமான்களாகவும் மாறிவிட்டன. தோட்டத்தில் தாத்தா பாட்டி காலத்தில் ஊசி போட்டவர் டிரெஸ்ஸர். டாக்டர் எப்போதாவது வந்து போகிறவர். அந்த வீட்டுப் பேரப்பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரி நேர்முகத்தைப் பற்றிக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு மாமாவோ சித்தியோ கிடையாது. கோலாலம்பூரில் டாக்டர் வீட்டுப் பிள்ளைக்கு அது சாப்பாட்டு மேசைப் பேச்சு. வசதியுள்ள பெற்றோர் நேர்முகப் பயிற்சிக்கென்றே தனியாகப் பணம் கட்டுகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண். அப்பா லாரி ஓட்டுநர், அம்மா தொழிற்சாலையில். நேர்முக அழைப்பு மின்னஞ்சலில் வந்தது. கையில் இருந்த அவகாசம் சில நாள்தான். பல்கலைக்கழகம் எது என்று சொல்லப்போவதில்லை. வெகுதூரம் என்று மட்டும் வைத்துக்கொள்வோம். அப்பா சம்பளமில்லா விடுப்பு எடுத்தார். இரவு பஸ்ஸில் போய், விடியற்காலை சுராவ் பக்கத்துப் பொதுக் கழிவறையில் முகம் கழுவி, பக்கத்து வீட்டு அக்காவின் கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். கோட்டின் கை நீளம் கூடுதல். மடித்து ஊசி குத்தியிருந்தது. "ஏன் டாக்டராக வேண்டும்?" என்று கேட்டார்களாம். "மக்களுக்குச் சேவை செய்யணும்" என்று சொன்னாளாம். அன்று அந்த வரிசையில் நின்ற அத்தனை பேரும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

அவளிடம் வேறு பதில் இருந்தது. பாட்டிக்கு நீரிழிவு முற்றி வாரம் மூன்று முறை டயாலிசிஸ். பள்ளி விட்டு வந்து அழைத்துப் போய், மெஷின் ஓடும் நான்கு மணி நேரமும் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் படித்தவள் இவள்தான். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில், இந்நாட்டு வயதுவந்த இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்று தெரியவந்தது. எல்லா இனத்து வயதுவந்தோரையும் சேர்த்தால் அது 18.3. அந்த எண்ணுக்குள் இருக்கும் வாழ்க்கையை அறைக்குள் உட்கார்ந்திருந்த பேராசிரியர்களைவிட அவளுக்கு நெருக்கமாகத் தெரியும். அதையெல்லாம் நேர்முகத்தில் சொல்லலாம் என்றுதான் தெரியாது. வீட்டுக் கஷ்டத்தை வெளியே சொல்லக்கூடாது என்று வளர்த்திருக்கிறோம், பாருங்கள்.

மருத்துவம் கிடைக்கவில்லை, வரிசையில் கீழே எழுதியிருந்த ஏதோ ஒரு படிப்பு கிடைத்தது. மேல்முறையீடு செய்யலாம்தான். ஆனால் எதை எதிர்த்து? நேர்முகத்தில் கோட்டை விட்டாளா, மெரிட் போதவில்லையா, மூவெட் ஆங்கிலத் தேர்வில் பேண்ட் குறைவா? எதுவும் தெரியாமல் மனு எழுதுவது இருட்டில் கல் எறிவதுதான்.

மௌனம் சந்தேகத்தை வளர்க்கும். இனம் பார்த்துத் தள்ளிவிட்டார்கள் என்று கடை பெஞ்சில் ஒருவர் சொன்னால் மறுப்பதற்கு யாரிடமும் எண் இல்லை. ஆமாம் என்று நிரூபிக்கவும் எண் இல்லை. மெட்ரிகுலேஷனில் பூமிபுத்ராக்களுக்கு 90, மற்றவர்களுக்கு 10 என்ற பங்கீடு பல ஆண்டுகளாக வெளிப்படையாகவே இருந்துவரும் நாட்டில், மூடிய அறைக்குள் என்ன நடந்திருக்கும் என்று ஒரு தமிழ்ப் பெற்றோர் நினைப்பதைக் குற்றம் சொல்ல முடியாது. எண்களை வெளியிட்டால் சந்தேகம் தப்பு என்று தெரியலாம், சரி என்றும் தெரியலாம். எதுவானாலும் இந்த ஊமைப் புலம்பலைவிட மேல்.

இதில் நாம் பார்த்துக் கற்க ஒரு பழைய கதை உண்டு. தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்முகத்துக்கு 75 மதிப்பெண் வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. பெரியகருப்பன் என்ற மாணவர் தொடுத்த வழக்கில் 1970-இல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வு நடந்த விதத்தைக் கடுமையாகக் குறை கூறியது. பிறகு 1980-இல், ஸ்ரீநகர் பொறியியல் கல்லூரி தொடர்பான அஜய் ஹாசியா வழக்கில், மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண்ணை நேர்முகத்துக்கு ஒதுக்குவது நியாயமற்றது, 15 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்றது. நேர்முகங்களை ஒலிநாடாவில் பதிவு செய்யலாம் என்றும் நீதிபதிகள் யோசனை சொன்னார்கள். கேசட் காலத்திலேயே அந்த யோசனை வந்துவிட்டது. இன்று தமிழ்நாட்டில் மருத்துவச் சேர்க்கைக்கு நேர்முகமே இல்லை. தரவரிசைப் பட்டியல் மதிப்பெண்ணோடு ஊரறிய வெளியாகிறது.

இங்கே நமக்கு வழக்கமாகிவிட்ட வைத்தியம் வேறு. முடிவு வந்த மறுவாரம் மக்கள் பிரதிநிதியான ஒய்பி ஒருவர் செய்தியாளர் கூட்டம் போடுவார். பள்ளிச் சீருடையில் பிள்ளை, கையில் சான்றிதழ்க் கோப்பு, பக்கத்தில் கண் கலங்கிய அம்மா. பத்திரிகையில் படம் வரும். சில சமயம் சத்தமில்லாமல் ஓர் இடமும் கிடைத்துவிடும். அந்தப் பிள்ளைக்காகச் சந்தோஷப்படலாம். ஆனால் படம் வராத பிள்ளைகள்? கூப்பிட்டுக் கேட்டால் இடம் கிடைக்கிறது என்றால், முதலில் எந்தக் கணக்கில் மறுத்தார்கள்? இந்தக் கேள்வியைக் கூட்டம் போட்ட ஒய்பியும் கேட்பதில்லை, படம் எடுத்த நாமும் கேட்பதில்லை.

விதி வெளியே தெரிந்தால் மக்கள் எப்படிப் பேசுவார்கள் என்பதற்கும் சான்று இருக்கிறது. எஸ்பிஎம்மில் 10 ஏ எடுத்த எல்லா இன மாணவர்களுக்கும் மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று பிரதமர் 2024-இல் அறிவித்தார். அடுத்த ஆண்டே, ஏ மைனஸ் அந்தக் கணக்கில் சேருமா என்று நாடு முழுக்க வாதம் நடந்தது. விதி எழுத்தில் இருந்ததால்தான் அதன் ஓட்டையை விரல் வைத்துக் காட்ட முடிந்தது.

மறுக்கப்பட்டவர்கள் எங்கே போகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். தனியார் கல்லூரிகளில் மருத்துவப் படிப்பு பல லட்சம் ரிங்கிட். ஈப்போவிலேயே தனியார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பஸ் ஏறிப் போய்விடலாம், கட்டணம்தான் எட்டாது. கெடாவில் ம.இ.கா.வின் கல்விக்கரம் 2001-இல் தொடங்கிய எய்ம்ஸ்ட் பல சாதாரண வீட்டுப் பிள்ளைகளை டாக்டராக்கியிருக்கிறது. அதற்கும் கடன் வாங்காமல் முடியாது. அடுத்த வாசல் ஏஜெண்ட். கிரிமியா மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரத்தை அரசாங்கம் விலக்கிக்கொள்ளப்போவதாக 2005-இல் அறிவித்தபோது அங்கே படித்துக்கொண்டிருந்த இந்தியப் பிள்ளைகளின் வீடுகளில் நடந்த கலக்கம் பலருக்கு மறந்திருக்காது. ஏஜெண்டிடம் முன்பணம் கட்டுமுன் மலேசிய மருத்துவ மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் அந்தக் கல்லூரி இருக்கிறதா என்று பாருங்கள். ஹோட்டல் கல்விக் கண்காட்சியில் கொடுக்கும் வழவழ கையேட்டை நம்ப வேண்டாம்.

சரி, என்ன கேட்கலாம்? முதலும் முக்கியமும் இதுதான்: நேர்முகத்துக்கு வந்த ஒவ்வொரு மாணவருக்கும் அவருடைய மதிப்பெண்ணை, பிரிவு பிரிவாக, முடிவோடு சேர்த்து அனுப்ப வேண்டும். மெரிட், நேர்முகம், மொத்தம், அந்த ஆண்டு கடைசியாக இடம் பெற்றவரின் மொத்தம். நான்கு எண். கணினியில் ஏற்கெனவே இருப்பவை; புதிய சட்டமோ புதிய பட்ஜெட்டோ வேண்டாம். அடுத்தவர் மதிப்பெண்ணைக் கேட்கவில்லை, தன்னுடையதைத்தான் கேட்கிறோம். 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி வங்கி நம் தரவை நாம் கேட்டால் காட்ட வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது. சட்டம் கட்டாயப்படுத்தாததை ஓர் அமைச்சின் சுற்றறிக்கை செய்துவிடலாம்.

பயணத்தைக் குறைப்பதும் கஷ்டமில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் நேர்முகங்கள் இணையத்தில் நடந்தன, வானம் இடிந்துவிடவில்லை. நேரில்தான் பார்க்க வேண்டுமென்றால் ஈப்போவில் ஒரு மையம் வைக்கலாம். செமோரிலிருந்து, யூஎஸ்எம் மருத்துவ வளாகம் இருக்கும் கிளந்தானின் குபாங் கெரியானுக்கு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல், நடுவில் யானை குறுக்கிடும் கெரிக் மலைப்பாதை.

இதையெல்லாம் கேட்க நமக்குத் தூரம் போக வேண்டாம். நம் வட்டாரத்துத் தம்புன் தொகுதியில் 2022-இல் வென்றவர் பிரதமர் அன்வார் இப்ராஹிம். 2023 டிசம்பரில் உயர்கல்வி அமைச்சரான டத்தோஸ்ரீ சம்ரி அப்துல் காதிர், 2009 முதல் 2018 வரை பேராவின் மந்திரி பெசார். இருவருக்கும் செமோர் எங்கே இருக்கிறது என்று வரைபடம் காட்ட வேண்டியதில்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் சேர்ந்து ஒரே மனுவாக, அந்த நான்கு எண்ணை மட்டும் கேட்டு, தொகுதி அலுவலகத்தில் முத்திரை குத்தி வாங்கிக்கொள்ளட்டும். மனுவில் பத்துக் கோரிக்கை அடுக்கினால் எளிதானதைப் பார்த்து ஒன்றை நிறைவேற்றிவிட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள்.

நம் கையில் இருப்பதை நாமும் செய்யலாம். ஸ்ரீ முருகன் நிலையம் 1982 முதல் தமிழ்ப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்துக்குத் தயார் செய்துவருகிறது. நேர்முகப் பயிற்சிக்கு அதைப்போல ஓர் ஏற்பாடு இந்தப் பக்கத்தில் வேண்டும். ஈப்போ ராஜா பெர்மாய்சுரி பைனூன் மருத்துவமனையில் தமிழ் டாக்டர்கள் இருக்கிறார்கள், ஓய்வு பெற்றவர்களும் இருக்கிறார்கள். கோயில் மண்டபத்தில் ஐந்து மேசை, ஒரு மணி, மேசைக்கு ஒரு டாக்டர். "உன் நண்பன் தேர்வில் காப்பியடித்தான், என்ன செய்வாய்?", "தாமானில் டெங்கி பரவுகிறது, வீட்டுக்காரர் தொட்டியைத் திறக்க மறுக்கிறார்" என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றிக் கேட்டு, பிள்ளை திணறும் இடத்தில் நிறுத்தித் திருத்த வேண்டும். ஆறாம் படிவம் முடிவதற்குள் இது நடந்துவிட வேண்டும். அழைப்பு வந்தபின் தொடங்கினால் கோட்டு தேடத்தான் நேரம் இருக்கும். பாட்டியை டயாலிசிஸுக்கு அழைத்துப் போனதைச் சொல்லலாம் என்று அந்த மேசையில் யாராவது ஒருவர் பிள்ளைக்குச் சொல்லட்டும்.