கடல் கொண்டதும் கரையான் கொண்டதும்

பூம்புகார்க் கடற்கரையில் நிற்கும்போதெல்லாம் ஓர் எண்ணம் நம்மை விட்டு அகல்வதில்லை. காவிரி கடலோடு கலக்கும் இவ்விடத்தில் பெருநகரொன்று இருந்தது. யவனர் வந்து தங்கிய சேரிகளும், பல மொழி பேசும் வணிகர் நடமாடிய தெருக்களும் இருந்தன. இன்று நம் கண்ணுக்குப் புலப்படுவன மீனவர் படகுகளும், 1973-இல் எழுப்பப்பெற்ற சிலப்பதிகாரக் கலைக்கூடமுமே. நகரைக் கடல் கொண்டது. ஆயினும் நகர் மறக்கப்படவில்லை. ஏன்? ஒருவர் அதனைப் பாடி வைத்தார். பாடியதைத் தலைமுறை தலைமுறையாகப் பலர் படி எடுத்தனர். எஞ்சிய படிகளை ஒருவர் தேடிச் சேர்த்து அச்சேற்றினார். கல்லால் காக்க இயலாததை ஏடு காத்தது.

இதனை இப்போது நினைவூட்டக் காரணம் உண்டு. பங்குப் பேரவைக் கூட்டங்களில் அண்மைக் காலமாக அடிக்கடி ஒலிக்கும் சொல் இது: “எல்லாம் கைப்பேசியிலேயே இருக்கிறதே, சாமி! நூலகத்திற்கென்று ஓர் அறை எதற்கு? ஒலிபெருக்கிச் சாமான்களை வைத்துக்கொள்ளலாமே!” சொல்பவர் தீயவர் அல்லர், பங்கின் நலம் நாடுபவரே. ஆயினும் இக்கூற்று தவறு. தவறு என்பது மட்டுமன்று, நம் வரலாற்றை அறியாமையின் விளைவு என்றே சொல்லத் துணிகிறோம்.

ஏடு தானாகவே நிலைத்துவிட்டது என்று எண்ணுதல் பிழை. பனையோலையின் வாழ்நாள் குறுகியது. நம் நாட்டின் வெப்பமும் ஈரமும் பூச்சியும் அதனை அரிக்க, அடுத்த தலைமுறை புதிய ஓலையில் எழுதினாலன்றிப் பழையது அழிந்தே போகும். 1880-இல் கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராக அமர்ந்த உ. வே. சாமிநாதையர், சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் பழந்தமிழ்ச் சுவடிகளைத் தேடத் தொடங்கியபோது, பல நூல்கள் அழிவின் விளிம்பில் இருந்தன. சீவக சிந்தாமணி 1887-இலும், சிலப்பதிகாரம் 1892-இலும், மணிமேகலை 1898-இலும் அவரால் அச்சு வடிவம் பெற்றன. அவர் ஊர் ஊராக அலைந்திராவிடில் பூம்புகார் இரண்டாம் முறையும் மூழ்கியிருக்கும். இம்முறை நீரிலன்று, மறதியில். ஓலையும் காகிதமும் கணினியும் தாமாக எதையும் காப்பதில்லை. காப்பவர் மனிதர்.

பிறரைக் குறைகூறுமுன் நம் வீட்டைப் பார்ப்போம். இந்திய மொழிகளுள் முதன்முதலாக இந்திய மண்ணில் அச்சேறிய மொழி தமிழ். அந்நூல் இயேசு சபைத் துறவி அன்றீக் அன்றீக்கசு அடிகளார் 1578-இல் கொல்லத்தில் அச்சிட்ட ‘தம்பிரான் வணக்கம்’. எளிய மக்களுக்கான மறைக்கல்வி நூல் அது. இதனை நாம் மேடைதோறும் பெருமையுடன் சொல்கிறோம். ஆனால் அந்நூலின் படியைக் காண வேண்டுமாயின் எங்கே செல்வது? அமெரிக்க நாட்டு ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்திற்குச் செல்ல வேண்டும். அதே அடிகளார் 1586-இல் புன்னைக்காயலில் அச்சிட்ட அடியார் வரலாற்றின் படியோ வத்திக்கான் நூலகத்தில் உள்ளது. அந்தாம் தெ புரோயன்சா அடிகளாரின் தமிழ்–போர்த்துக்கீச அகராதி 1679-இல் அச்சாயிற்று. ஏறத்தாழ மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னர், தனிநாயகம் அடிகளார் அதனை வத்திக்கான் நூலகத்தில் கண்டெடுத்து, 1966-இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிடச் செய்ததால்தான் அது மீண்டும் தமிழர் கைக்கு வந்தது. வீரமாமுனிவரின் தேம்பாவணியோ, 1726-இல் எழுதி முடிந்த பின் நூறாண்டுகளுக்கு மேல் அச்சுக்காகக் காத்திருந்தது. எழுதியவர் நம்மவர், அச்சிட்டவர் நம்மவர், காத்தவர் மட்டும் பிறர்!

இந்நிலை பழங்காலத்தோடு முடிந்ததா? நாம் பணியாற்றிய பங்கு ஒன்றில் பூட்டிக் கிடந்த மர அலமாரியைத் திறந்தோம். ஞான நூல்கள், பழைய மாத இதழ்கள், கையெழுத்துப் பாடற்சுவடிகள் யாவும் உள்ளே இருந்தன. எடுத்தபோது நூலாக வரவில்லை; மண்ணாக உதிர்ந்தன. கரையான் நமக்கு முன்பே படித்து முடித்திருந்தது. அவ்வாண்டுத் தேர்த் திருவிழாவின் மின்விளக்கு அலங்காரத்திற்கு நாம் குறை வைக்கவில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி, கைப்பேசியைப் பற்றிப் பேசுவோம். நாம் அதன் பகைவர் அல்லோம். பூம்புகாருக்கு அண்மையிலுள்ள சீர்காழியில் 1892-இல் பிறந்தவர், இந்திய நூலக இயலின் தந்தை எனப் போற்றப்பெறும் எஸ். ஆர். இரங்கநாதன். நூல்கள் பயன்படுத்தப்படுவதற்கே; ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிட்டவேண்டும்; நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் போன்றது — இத்தகைய ஐந்து நெறிகளை 1931-இல் அவர் நூலாக வெளியிட்டார். அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை என்னும் பெரியவர் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிச் சிற்றூர்களுக்கு அனுப்பினார். வாசகர் நூலைத் தேடி வர இயலாதபோது நூல் வாசகரைத் தேடிச் சென்றது. இன்றைய மாட்டுவண்டி கைப்பேசியே என்றால் அதனை மறுக்க மாட்டோம். 1998-இல் உலகெங்கும் உள்ள தமிழ் அன்பர்கள் தொடங்கிய மதுரைத் திட்டமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் ஆயிரக்கணக்கான நூல்களைக் கட்டணமின்றி வழங்குகின்றன. வத்திக்கான் நூலகமும் தன் கையெழுத்துச் சுவடிகளைப் படமெடுத்து யாவருக்கும் திறந்து வைத்து வருகிறது. இவை போற்றத்தக்க பணிகள்.

ஆனால் ‘எல்லாம் இருக்கிறது’ என்னும் சொல்லில் மூன்று பொய்கள் மறைந்துள்ளன.

முதற்பொய், ‘எல்லாம்’ என்பது. யாரோ ஒருவர் எடுத்து வைத்ததே அங்கு இருக்கும். நம் பங்கின் வெள்ளிவிழா மலரை, நம் உபதேசியார் எழுதி வைத்த பாடலை, நின்றுபோன மறைமாவட்ட இதழை நாம் படமெடுத்து வைக்காவிடில் வேறு யார் வைப்பார்? மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றிய கத்தோலிக்கப் பொதுநிலையினர் வேதநாயகம் பிள்ளை 1879-இல் வெளியிட்ட ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தமிழின் முதல் புதினம். ஆகவே அதற்குக் கேடில்லை. புகழ் பெறாத நம் ஊர் எழுத்தாளருக்கு யார் துணை?

இரண்டாம் பொய், ‘இருக்கிறது’ என்பது. இருபது ஆண்டுகளுக்கு முன் நெகிழ்தட்டிலும் குறுந்தகட்டிலும் சேமித்தவற்றை இன்று திறக்க நம்மில் எத்தனை பேரிடம் கருவி உள்ளது? மேலும், காகித நூலை விலைக்கு வாங்கினால் அது நமது. பிள்ளைக்குக் கொடுக்கலாம், நூலகத்திற்கு ஈயலாம். மின்னூலிலோ பெரும்பாலும் நாம் வாங்குவது படிக்கும் உரிமத்தை மட்டுமே. சந்தா நின்றால் நூலும் நின்றுவிடும். வாடகை வீட்டைச் சொந்த வீடென்று எண்ணி மகிழ்தல் அறிவுடைமையோ?

மூன்றாம் பொய், ‘எல்லாருக்கும்’ என்பது. உயர்கல்வியில் இது வெளிப்படையாகத் தெரிகிறது. மக்கள் வரிப்பணத்தில் ஆய்வு நடக்கிறது. அவ்வாய்வு அயல்நாட்டு வணிகப் பதிப்பகங்களின் இதழ்களில் வெளியாகிறது. அதனைப் படிக்க மீண்டும் பணம் கட்ட வேண்டும். 2024 நவம்பரில் நடுவணரசு ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்திற்கு மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அதில் அடங்கும். நன்று. ஆனால் அரசு நடத்தும் கல்வி நிறுவனங்களுக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் என்றே அது வகுக்கப்பட்டது. வயலில் நாற்று நட்ட கூலியில் தனியார் கல்லூரியில் பயிலும் டெல்டாப் பெண்பிள்ளை மதிலுக்கு வெளியேதான் நிற்கிறாள். நம் திருச்சபைக் கல்லூரிகள் அம்மதிலைப் பற்றி வாய் திறக்க வேண்டாவா? தம் ஆசிரியர்தம் ஆய்வுகளையேனும் யாவரும் படிக்கத் திறந்து வைக்க வேண்டாவா?

இன்னொன்றும் உண்டு. நூலகம் என்பது நூல் அடுக்கிய அறை மட்டுமன்று. ஒரே அறையில் ஐவர் வாழும் வீட்டில் ஒரு மாணவனுக்கு இல்லாதது நூல் மட்டுமா? மேசை இல்லை, விளக்கு இல்லை, அமைதி இல்லை. ஊர்ப்புற நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞரைக் கேளுங்கள். இந்த மூன்றையும் கைப்பேசி தர இயலாது. இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நூலைப் பத்து வரியில் சுருக்கித் தருகின்றன. சுருக்கத்தால் செய்தி கிடைக்கலாம். பொறுமையும் பகுத்துணர்வும் பிறர் துயரை உணரும் நெஞ்சமும் கிடைப்பதில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூலையில், குருமாணவர் மட்டுமன்றிக் கிறித்தவர் யாவரும் இலக்கியம் பயில வேண்டுமென வற்புறுத்தித் தனி மடலே வரைந்தார். வாக்கு மனுவுருவானார் என்று நம்பும் நாம் வாசிப்பை எளிதாகக் கைவிடலாமா?

ஆகவே நாம் கேட்பது மிகுதியன்று. பங்கு நூலக அறை பங்கு நூலக அறையாகவே இருக்கட்டும். சமய வேறுபாடின்றி ஊர்ப் பிள்ளைகள் யாவருக்கும் மாலையில் இரண்டு மணி நேரமேனும் திறந்திருக்கட்டும். திருவிழாச் செலவில் நூற்றுக்கு ஐந்து பங்கு நூலுக்கென ஒதுக்கப்படட்டும். இளையோர் இயக்கத்தினர், தங்கள் கைப்பேசியைக் கொண்டே பங்கின் பழைய மலர்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ஒன்றுக்கு மூன்று இடங்களில் சேமிக்கட்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை அவற்றைப் புதிய கருவிக்கு மாற்றும் பொறுப்பைப் பேரவை ஏற்கட்டும். நம் முன்னோர் ஓலைக்குச் செய்ததும் இதுவேயன்றோ?

பூம்புகாரைக் கொண்ட கடலை எவராலும் தடுத்திருக்க இயலாது. நம் அலமாரியைக் கொண்ட கரையானை ஒரு சாவியும் ஒரு துடைப்பமும் தடுத்திருக்கும்.